கேஸ் தீர்ந்துபோகாது, அம்மா!

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து ஃப்ரிட்ஜ் வேலை பார்த்து வருகிறேன். 1992-இல் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவன். பழைய ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் பற்றிய சந்தேகங்களை எழுதச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான் இருந்தது: ‘கேஸ் தீர்ந்துவிட்டதாம்.’ அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் வீட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு 18 வயது. மூன்று வருஷமாகப் பங்குனி வந்தால் போதும், குளிர் குறைந்துவிடுகிறது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் வந்து நிரப்பிக் கொடுக்கிறார். ஆறேழு மாதம் ஓடுகிறது, மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை வீட்டு சிலிண்டரிலிருந்தே நிரப்பித் தருகிறேன், செலவு குறையும் என்கிறார். சம்மதிக்கலாமா?
— வாசகி, தூத்துக்குடி

சம்மதிக்காதீர்கள் அம்மா. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்ற பேச்சைப் பார்த்துவிடுவோம்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீருவது இல்லை. கம்ப்ரெஸர் அதை அழுத்திப் பின்பக்கம் இருக்கும் கறுப்புக் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஃபில்டர் வழியாகக் கேப்பிலரி என்ற குழாய்க்குள் நுழைகிறது. அதன் உள்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் தாண்டி ஃப்ரீசர் தகட்டுக்குள் போனதும் கொதித்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரெஸருக்கே வந்துசேர்கிறது. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. 25 வருஷம் ஓடியும் ஒரு தடவைகூடக் குழாய் வெட்டாத பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் நிரப்பிய கேஸ் அப்படியே உள்ளே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது. வேறு கணக்கே கிடையாது.

உங்கள் ஊர் தூத்துக்குடி என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. உப்புக் காற்று இரும்புக் குழாயை அரிக்கும். பின்பக்கக் காயிலின் வளைவுகளையும், கம்ப்ரெஸர் பக்கத்தில் இருக்கும் பற்றவைத்த இணைப்புகளையும் ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள். துருவோடு சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்காகத் தூசி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில்தான் கசிகிறது. கேஸோடு கம்ப்ரெஸர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காயில் முழுக்க விரலால் தடவிப் பார்ப்பார். விரல் வழுக்குகிற இடத்தில் சோப்பு நுரை வைப்பார். நுரையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழ் மெதுவாகக் கிளம்பும். அவ்வளவு சின்னக் கசிவுதான் ஆறேழு மாதத்தில் பெட்டியைக் காலி செய்கிறது.

வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். ஓட்டை எங்கே என்று காட்டினாரா? அதை அடைத்த பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்தாரா? ஃபில்டரைப் புதிதாக மாற்றினாரா? வாக்குவம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தாரா? வாக்குவம் போடாமல் கேஸ் விட்டால் உள்ளே தங்கிய ஈரம் கேப்பிலரி வாயில் ஐஸாக உறைந்து அடைத்துக்கொள்ளும். காலையில் நன்றாகக் குளிரும், மத்தியானம் நின்றுபோகும், ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிரும். அப்படி நடந்தால் ஈரம் போகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேஸ் உண்மையிலேயே குறைவுதானா என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும். பின்பக்கக் காயில் சூடே ஏறாது. ஃப்ரீசர் முழுக்கப் படிய வேண்டிய வெண்பனி ஒரே மூலையில் மட்டும் படியும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் கேஸ் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் கதவு, மின்சாரம், குளிர் போதுமானதும் கம்ப்ரெஸரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் குழாயில் கை வைக்க வேண்டும்.

சரி, சிலிண்டர் விஷயம். 18 வருஷப் பெட்டி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆர்-134ஏ. தீப்பிடிக்காத கேஸை நம்பிச் செய்த பெட்டி அது. உள்ளே விளக்கு சுவிட்ச் இருக்கிறது, தெர்மோஸ்டாட் இருக்கிறது. இரண்டும் ஒவ்வொரு தடவையும் சின்னப் பொறி விட்டுத்தான் வேலை செய்யும். அடுப்பு கேஸ் ஃப்ரீசர் தகட்டில் கசிந்து மூடிய பெட்டிக்குள் நிறைந்திருக்கும்போது, காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் அந்தப் பொறியே போதும். அதிலும் உங்கள் பெட்டியில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது! இப்போது வரும் புதுப் பெட்டிகளில் ஆர்-600ஏ இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், அதுவும் எரியக்கூடியதுதான். ஆனால் அந்தக் கேஸுக்கென்றே சுவிட்சுகளை வடிவமைத்திருப்பார்கள். அளவும் பெரும்பாலும் 30 முதல் 60 கிராமுக்குள்தான். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸ் பெயரும் கிராம் கணக்கும் இருக்கும். மெக்கானிக் அதைப் படித்துவிட்டு எடை போட்டு நிரப்புகிறாரா என்று கூடவே நின்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எல்லாப் பெட்டியிலும் ஆர்-12 தான். குழாயை வெட்டி ‘புஸ்’ என்று காற்றில் விட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். நானும் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். அது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-லேயே எழுதிவிட்டார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. நான் பட்டறையில் சேர்ந்த அதே 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. எங்கள் பட்டறைக்கு அந்தச் செய்தி வந்துசேரப் பல வருஷமாயிற்று. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்புவது உங்கள் பணத்தோடு அதையும் காற்றில் விடுவதுதான். அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மா சீதனமாகக் கொண்டுவந்த 165 லிட்டர் ஃப்ரிட்ஜ் அது. ஒரு வாரமாகப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறது. விளக்கு எரிகிறது, குளிர்ச்சி இல்லை. வந்து பார்த்தவர் கம்ப்ரெஸர் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அம்மாவுக்கு மனசு வரவில்லை.
— வாசகர், சங்கரன்கோவில்

தம்பி, அம்மாவிடம் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் சத்தத்தைக் கவனித்து எழுதியிருப்பதே எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது.

அந்த ‘டிக்’குக்கு முன்னால் ஐந்து, பத்து விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கிறதா என்று காதை வைத்துப் பாருங்கள். கேட்டால், கம்ப்ரெஸருக்குக் கரன்ட் போகிறது, அது கிளம்ப முயல்கிறது, முடியவில்லை. கிளம்ப முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அப்போது ஓவர்லோடு என்ற சின்னக் காவலாளி சூடாகி, ‘டிக்’ என்று இணைப்பைத் துண்டித்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. ஆறினதும் மறுபடி சேர்க்கிறது. மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’.

ஏன் கிளம்பவில்லை? எனக்குத் தெரிந்து அடிக்கடி வருகிற காரணங்கள் மூன்று. முதலாவது, வோல்டேஜ் குறைவு. 230 இருக்க வேண்டிய இடத்தில் கோடைக்கால ராத்திரியில் 170 வந்தால் பழைய கம்ப்ரெஸர் திணறும். நடுச்சாமத்தில் தானாக ஓட ஆரம்பித்து, சாயங்காலம் மட்டும் ‘டிக் டிக்’ என்றால் குற்றம் பெட்டியில் இல்லை, லைனில்தான் இருக்கிறது. ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போதும். இரண்டாவது, மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலே என்ற சுவிட்ச். மூன்றாவதுதான் கம்ப்ரெஸர்.

ரிலேவைப் பற்றி ஒரு பெட்டியின் கதையைச் சொல்கிறேன். போன மாசி மாதம் இங்கே மேலப்பாளையத்தில் ஒரு வீடு. இதே சத்தம், இதே தீர்ப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்ரெஸரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். தீப்பெட்டி அளவு கறுப்பு ரிலேவை மெதுவாக ஆட்டி இழுத்தால் மூன்று பின்னிலிருந்தும் கழன்று வரும். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். அந்த வீட்டுப் பேரனிடம் கொடுத்தேன், அவனும் குலுக்கிப் பார்த்தான். உள்ளே இருக்கும் பிடிசி என்ற காசு மாதிரியான பீங்கான் வில்லை உடைந்திருந்தது. பிரித்துக் கொட்டியபோது வில்லை மூன்று துண்டாக, கறுப்புப் பொடியோடு என் உள்ளங்கையில் விழுந்தது. நல்ல ரிலே குலுங்கக் கூடாது. புது ரிலேவும் ஓவர்லோடும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். மாட்டினேன். முனகல் இல்லாமல் ஓடியது. அந்த வீட்டில் புதுசு வாங்க முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பது இன்னும் பழைய, காயில் சுற்றிய ரிலேவாக இருந்தால் குலுக்கும்போது உள்ளே உலக்கை மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு ஆடும். அது சகஜம். அதனால் சத்தத்தை மட்டும் நம்பிவிடாமல் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒருவரை இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஸரில் மூன்று பின். இரண்டிரண்டாக மின்தடையை ஓம்ஸில் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு 14, 22, 36 என்று வந்தால் 14-ம் 22-ம் சேர்ந்தால் 36. பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வந்தால் உள்ளே இருக்கும் மோட்டார் சுருள் நலம். ஏதாவது ஒரு ஜோடியில் ரீடிங்கே வரவில்லை, அல்லது பின்னுக்கும் கம்ப்ரெஸர் உடம்புக்கும் இடையே ரீடிங் வருகிறது என்றால் கம்ப்ரெஸர் போனது உண்மை. சுருள் நலமாக இருந்து, புது ரிலே போட்டும், 230 வோல்டிலும் முனகினால் உள்ளே பிஸ்டன் இறுகிவிட்டது. அப்போது அம்மாவிடம் பேசிப் புரியவையுங்கள். அதுவரை ‘போய்விட்டது’ என்ற சொல்லை ஏற்க வேண்டாம்.

கரன்ட் போய் வந்த உடனே ஃப்ரிட்ஜைப் போடாதீர்கள். மூன்று, ஐந்து நிமிஷம் விடுங்கள். குழாயில் இரு பக்கத்து அழுத்தமும் சமமாக வேண்டும், ரிலேவும் ஆற வேண்டும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஃப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி கட்டியிருந்தது. மீன் பொட்டலம் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று கத்தியால் நெம்பினேன். ‘புஸ்’ஸென்று காற்று வந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய?
— வாசகி, திசையன்விளை

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள் தங்கச்சி, ஏனென்றால் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. சத்தம் வந்த அந்த நிமிஷத்திலேயே பிளக்கைப் பிடுங்கியிருந்தால் பெட்டியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஓட்டையோடு ஓடவிட்டால் கம்ப்ரெஸர் வெளிக்காற்றையும், உருகிய ஐஸ் தண்ணீரையும் உள்ளே உறிஞ்சிவிடும். அப்புறம் எண்ணெய் கெட்டு, செலவு பல மடங்காகும்.

புதுப் பெட்டி என்றால் உள்ளே எரியக்கூடிய கேஸ் இருக்கலாம். அதனால் சமையல் அடுப்பு, ஊதுபத்தி எதையும் பற்றவைக்காமல் ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் விடுங்கள். கத்தி குத்திய இடத்தில் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி வையுங்கள், ஈரம் போகாமல் இருக்கும். ஃப்ரீசர் என்பது இரண்டு அலுமினியத் தகட்டை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடப் பாதை ஊதிவிட்ட பொருள். காகிதக் கனத்துக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். எந்தக் கத்தியையும் அது தாங்காது. ஓட்டை வெளியே தெரிகிற இடத்தில் இருந்தால் சுத்தம் செய்து எபாக்ஸி வைத்தோ அலுமினியக் கம்பி வைத்துப் பற்றவைத்தோ அடைப்பார்கள். பிறகு ஃபில்டர், வாக்குவம், கேஸ். மீனை எடுக்க வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். கால் மணி நேரத்தில் தானே விட்டுக்கொடுக்கும். தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் ஒரு பட்டன் இருக்கிறதே, அதை வாரம் ஒரு தடவை ராத்திரி அமுக்கிவிட்டுப் படுத்தால் ஐஸ் மலையே வராது. உருகி முடிந்ததும் அதுவே பழையபடி ஓட ஆரம்பிக்கும்.

இரட்டைக் கதவு, ஐஸ் கட்டாத ரகம். 11 வருஷம் ஆகிறது. மேலே ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கிறது. கீழே வைத்த இட்லி மாவு மறுநாளே பொங்கி வழிகிறது. கேஸ் குறைவா?
— வாசகி, நாகர்கோவில்

இல்லை அம்மா. மேலே ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கிறது என்றாலே கேஸ் இருக்கிறது. இந்த ரகத்தில் குளிர் உண்டாவது ஃப்ரீசரின் பின்தகட்டுக்குள் மறைந்திருக்கும் காயிலில். அந்தக் குளிர்காற்றை ஒரு மின்விசிறி கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை உருக்க ஒரு ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டும். ஹீட்டர் ஓடாவிட்டால் பனி காயிலை மூடி, காற்றுப் பாதையை அடைத்துவிடும். முதலில் கெடுவது கீழ்த்தட்டு. மாவு பொங்குவதுதான் நம் வீடுகளில் இதற்கு முதல் அறிவிப்பு.

ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். அடியில் பழைய துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரத்தில் பழையபடி ஆனால் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் பகுதியில்தான் கோளாறு. டைமர், ஹீட்டர், பனி உருகியதும் ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல் சுவிட்ச், வெப்ப ஃபியூஸ் என்று நாலு பொருள்தான். (உங்கள் மாடலில் டைமருக்குப் பதில் போர்டும் சென்சாரும் இருக்கலாம்.) விசிறி சுற்றுகிறதா என்பதையும் ஃப்ரீசர் கதவு சுவிட்சை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் சிலர் அந்த இரண்டு வயரையும் நேரடியாக முறுக்கி விட்டுவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் ஓடும். ஆனால் பைமெட்டல் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டரை நிறுத்த ஆளே இல்லை. பிளாஸ்டிக் உருகிப் போன பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் விலை மிகக் குறைவு, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஈரக் கையோடு கதவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. அப்படியே பழகிவிட்டோம்.
— வாசகர், கோவில்பட்டி

இதைப் படித்ததும் பதறிவிட்டேன் ஐயா. பழகக் கூடாத விஷயம் இது. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இரண்டு குற்றம் ஒன்றாக நடந்தால்தான் உடம்பில் கரன்ட் வரும். உள்ளே எங்கேயோ கசிகிறது, அதோடு எர்த்தும் இல்லை. கசிவுக்கு நம் பக்கம் முதல் காரணம் எலி. கம்ப்ரெஸர் சூட்டுக்கு வந்து படுத்து, வயரின் தோலைக் கடித்து வைத்திருக்கும். எர்த் இல்லாததற்குக் காரணம் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருப்பது, அல்லது பிளக் பாயிண்டில் எர்த் வயரே இல்லாதது. எர்த் சரியாக இருந்து, கரன்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற சுவிட்சும் போட்டிருந்தால், கசிவு கூடும்போதே அது விழுந்து சொல்லியிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ஆர்சிசிபியையும் முதலில் முடியுங்கள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அதற்கு அப்புறம் வரட்டும். குழந்தைகள் வெறுங்காலோடு வந்து தண்ணீர் எடுக்கும் பெட்டி இது.

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் கொதிக்கிறது. வெடித்துவிடுமா?
— வாசகி, தென்காசி

வெடிக்காது. உங்கள் மாடலில் சூடு விடும் காயில் பின்னால் இல்லாமல் பக்கச் சுவருக்குள் இருக்கிறது. புது வீட்டில் இரண்டு அலமாரிக்கு நடுவே செருகி வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு பக்கமும் நாலு விரல் இடம் விடுங்கள்.

காய்கறி டிரேக்குக் கீழே எப்போதும் தண்ணீர் தேங்குகிறது. பின்னால் கொசுவும் வருகிறது.
— வாசகி, அம்பாசமுத்திரம்

உள்ளே பின்சுவரின் அடியில் பட்டாணி அளவு துளை ஒன்று இருக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லித் தூள் அடைத்திருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அடித்தால் திறந்துகொள்ளும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். அந்தத் தண்ணீர் கம்ப்ரெஸருக்கு மேலே இருக்கும் டிரேயில் போய்ச் சேரும். கொசு அங்கேதான் முட்டையிடுகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். வாரம் ஒரு நாள் கிழமை குறித்து வைத்துக்கொண்டு அந்த டிரேயைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்த ஃப்ரிட்ஜ். பயந்து போடாமலே மாடிப்படி அடியில் வைத்திருக்கிறோம். இன்னும் உயிர் இருக்குமா?
— வாசகர், ஏரல்

அந்த வாரத்தை எப்படி மறப்பேன் ஐயா. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பெட்டிகள் வந்தன. பட்டறையில் இடமில்லாமல் தெருவில் வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொரு கதவிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று வண்டல் கோடு போட்டிருந்தது. சிலவற்றில் கைப்பிடிக்கு மேலே.

ஆச்சரியம் என்னவென்றால், அதில் நிறையப் பெட்டிகள் பிழைத்தன. கம்ப்ரெஸரும் குழாயும் முழுக்க மூடிப் பற்றவைத்த பொருள். தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. கெடுவது வெளியே இருக்கும் மின் பாகங்கள்தான். நாங்கள் ரிலே, ஓவர்லோடு, தெர்மோஸ்டாட், விளக்கு ஹோல்டர் எல்லாவற்றையும் கழற்றினோம். கம்ப்ரெஸர் பின்களை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். மெக்கர் என்ற மீட்டர் வைத்துக் கரன்ட் உடம்புக்குக் கசிகிறதா என்று பார்த்துத் தேறியதற்கு மட்டும் புது ரிலே, புது வயர் போட்டோம். ஒரு மூதாட்டி தினமும் வந்து தன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வெள்ளத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்றார். அது ஓடிய அன்று உள்ளே கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

உங்கள் பெட்டி இத்தனை நாள் ஈர வண்டலோடு கிடந்திருப்பதால் பின்கள் துருப்பிடித்திருக்கலாம். நேராகப் பிளக்கைச் செருகிப் பார்க்கவே கூடாது. பின்தகட்டின் அடி ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊறிக் கொழகொழவென்று இருந்தால், நாற்றமும் அடித்தால், செலவு செய்ய வேண்டாம். கெட்டியாக இருந்தால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம்.

வீட்டிலேயே மசாலா மீன் போட்டு விற்கிறேன். அதற்காகப் பழைய டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கியிருக்கிறேன். மேலே திறக்கிற பெட்டி. கரன்ட் போனால் சரக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?
— வாசகி, உவரி

முழுக்க நிறைந்து, மூடியைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள். பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை வைத்து உறைய விட்டு நிரப்பி வையுங்கள்.

நீங்கள் வெளியூர் போன நேரத்தில் கரன்ட் போய் வந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மீனை விற்க வேண்டாம். பழைய பெட்டி என்பதால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போட்டு, மைனஸ் 18 டிகிரி வருகிறதா என்று பார்த்துவிட்டே சரக்கை வையுங்கள். மூடி ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தடம் மாதிரி வைத்தால் பெரும்பாலும் வளைவு நிமிரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

25 வருஷப் பெட்டி, இன்னும் ஓடுகிறது. கரன்ட் பில் இதனால்தான் ஏறுகிறது என்று மகன் சொல்கிறான். வைத்துக்கொள்ளவா, கொடுத்துவிடவா?
— வாசகர், கடையநல்லூர்

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் ஐயா. ஒரு நாள் நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கம்ப்ரெஸர் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று மூன்று, நான்கு தடவை குறியுங்கள். ஓடுகிற நேரமும் நிற்கிற நேரமும் சமமாக இருந்தால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுகிறது. 110 வாட் கம்ப்ரெஸர் என்றால் நாளைக்கு 1.3 யூனிட் சுமார், இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டை ஒட்டி. அது ஒன்றும் குற்றமில்லை. நிற்காமல் ஓடினால் 160 யூனிட்டை நெருங்கும். அப்போதும் உடனே கொடுத்துவிடாதீர்கள். கதவு ரப்பரைப் பாருங்கள், பின் காயிலில் படிந்த தூசியைத் துடையுங்கள், தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாய் முனை ஃப்ரீசர் தகட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா பாருங்கள். அது விலகியிருந்தால் பெட்டிக்கு நிற்கவே தெரியாது. ஒரு ஸ்குரூ முடுக்கினால் சரியாகிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் நிற்காமல் ஓடினால் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கொடுப்பதாக முடிவு செய்தால் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். அவர் முதலில் குழாயை வெட்டுவார். 25 வருஷப் பெட்டியில் கேஸ் மட்டுமில்லாமல் சுவருக்குள் இருக்கும் ஃபோமிலும் ஓசோனை அரிக்கும் பழைய குளோரோஃபுளோரோகார்பன் இருக்க வாய்ப்புண்டு. பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். புதுசு வாங்குகிற கடையிலேயே மாற்றுத் திட்டம் இருந்தால், பழசை அவர்கள் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

அதை எடுத்துப்போக வண்டி வரும்வரை திண்ணையிலோ கொல்லையிலோ நிறுத்தி வைப்பீர்கள். அதற்கு முன் கதவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். மேலே ஒரு ஸ்குரூ, கீழே ஒரு ஸ்குரூ, பத்து நிமிஷ வேலை. ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் காற்றும் போகாது, சத்தமும் வெளியே வராது. உங்களால் முடியாவிட்டால் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு எங்கள் ஆட்கள் யாரும் காசு கேட்க மாட்டார்கள்.